யாரும் அவிழ்க்காத நீல நாடா

லெப்பிலாத்தி
ஞாயிறு, மார்ச் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் முதலில் பார்த்தது நீல நாடாவைத்தான். ஏரியிலிருந்து கூச்சல் கேட்டு ஓடிவந்து, போர்வை எடுப்பதற்காகச் சவுனாக் குளியல் குடிலின் முன்னறைக்குள் நுழைந்தேன். பெஞ்சின்மேல் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறைகள் இருந்தன. ரைலி பெரியம்மா கட்டிய நாடா கட்டியபடியே இருந்தது. போர்வையை இழுக்கும்போது கை பட்டது. காலுறைகள் காய்ந்திருந்தன. அப்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெளியே ஏரிப் பனிக்கட்டிமேல் விருந்தாளி அம்மாள் உட்கார்ந்து வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தார். ஒரு காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இன்னொன்று, சவுனாச் சூட்டோடு வந்து முங்குவதற்காகப் பனிக்கட்டியில் வெட்டிய துளைக்குள் மிதந்துகொண்டிருந்தது.

நீ நலமாக இருக்கிறாயா? முதியோர் இல்லத்தில் ஆள் குறைவு என்றாயே, புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தார்களா? முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நில். இங்கே நாங்கள் நலம். பகலில் வெயில் நன்றாக அடிக்கிறது. ஏரியின் மேற்பரப்பு லேசாக உருகி, சாயங்காலம் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. மார்ச் மாதப் பனிக்கட்டி எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஏன் போனில் சொல்லக்கூடாது என்று நினைப்பாய். போனில் நான் எப்படிப் பேசுவேன் என்பதும் உனக்குத் தெரியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நீ இருக்கும் ஊருக்கு இங்கிருந்து தபால் போய்ச்சேர ஒரு வாரம் ஆகிறது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரிக்கும் அம்மாள் வரும் வியாழக்கிழமை வருகிறார். நீ இதைப் படிக்கும்போது அவர் வந்து போயிருப்பார். தெரிந்துதான் கடிதமாக எழுதுகிறேன். இது சரியில்லை என்றும் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “காலுறை போட்டுக்கிட்டுதான் ஏரிக்குப் போகணும்னு அவங்ககிட்ட சொன்னேன்னு சொல்லு, வில்யா. ஒரே வரிதான். எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க” என்றாய். “லைன்ல இருக்கியா?” என்று மூன்று தடவை கேட்டாய். கடைசியில் பெரியம்மா போனைப் பிடுங்கி, “இருக்கா, இருக்கா. சுவத்துல மாட்டின படம் மாதிரி இருக்கா” என்றார். அதன்பிறகு நீ அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நம்ம தப்புன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் கை விரிச்சிடும், ஏரி வீட்டை வித்துதான் அந்தம்மாவுக்குக் குடுக்கணும், அப்புறம் நான் ஊர் திரும்பறது எங்கே என்றாய்.

இன்னும் இரண்டு குளிர்காலம் காசு கொடுத்துத் தங்கும் விருந்தாளிகள் வந்தால் வீட்டுக் கடன் முடிந்துவிடும், நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவாய் என்பதுதான் நம் ஏற்பாடு. நான் விறகு அடுக்கும்போதும் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும்போதும் நினைத்துக்கொள்வது அதைத்தான். அதனால் இந்தக் கடிதத்தை நான் விளையாட்டாக எழுதவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வந்தவர்கள் இரண்டு சகோதரிகள். போர்ச்சுகல்காரர்கள். மூத்தவர் பெயர் லூர்தெஸ், இளையவர் ஒஃபேலியா. ஒஃபேலியாவுக்கு மட்டும்தான் ஆங்கிலம் வரும். நீ டிசம்பரிலேயே சொல்லியிருந்தாய், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் காலுறை விஷயத்தை வாயால் சொல்லிவிடு என்று. அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி, அடுப்பங்கரையில் நின்று இருபது தடவை சொல்லிப் பார்த்தேன். மறந்துவிடக்கூடாதே என்று உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன். வண்டி வந்து நின்றதும் லூர்தெஸ் அம்மாள் இறங்கி நேராக என்னிடம் வந்து, கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பிறகு சவுனாவைக் காட்டினேன். அடுப்பைக் காட்டினேன், துளை இருக்கும் பக்கம் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கையில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது.

விருந்தாளிகளுக்காக நாம் மேசையில் வைத்திருக்கும் குறிப்புக் கோப்பை மறுபடி எடுத்துப் படித்தேன், அம்மா. அடுப்பை எப்படி மூட்டுவது, சாம்பலை எந்த வாளியில் போடுவது, குப்பையை எப்படிப் பிரிப்பது எல்லாம் இருக்கிறது. எலி வந்தால் பயப்படவேண்டாம், அது வருடா வருடம் வருவதுதான் என்றுகூட எழுதியிருக்கிறோம். காலுறையைப் பற்றி ஒரு வரி இல்லை. நமக்கு அது எழுதவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஈரக் காலோடு கம்பளிக் காலுறை போட்டால் அது பனிக்கட்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. கதவுக்குக் கைப்பிடி இருப்பது போல அது எப்போதும் தெரிந்த விஷயம். கோப்பில் எழுதியதெல்லாம் நாம் யோசித்துத் தெரிந்துகொண்டவை. யோசிக்காமலே தெரிந்ததை எழுத விட்டுவிட்டோம்.

நாடா பெரியம்மாவின் யோசனை. படம் எடுத்து இணையத்தில் போடும்போது சாம்பல் நிறக் காலுறைகள் செத்த எலி மாதிரி இருக்கின்றன என்றார். தையல் பெட்டியிலிருந்து நீல நாடாவை எடுத்து, பூ மாதிரி முடிச்சுப் போட்டார். உண்மையாகவே அழகாக இருந்தது. அதற்குப் பிறகு முன்பதிவும் கூடியது. இதற்கு அவரைக் குறை சொல்லாதே.

நான் புதன்கிழமை கஜானி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியம்மா போகவேண்டாம் என்றார். “அங்க போய் நின்னாலே கையெழுத்துப் போட்ட மாதிரிடீ” என்றார். காப்பீட்டுக் கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது. அடிபட்டவரிடம் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது, எதுவும் தருவதாகச் சொல்லக் கூடாது, எல்லாவற்றையும் நிறுவனத்திடம் விட்டுவிட வேண்டும். நான் ஏலக்காய் பன் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, பேசாமல் இருப்பதுதான் விதிப்படி சரியாக இருந்தது.

லூர்தெஸ் அம்மாளின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்து தகடு வைத்திருக்கிறார்கள். அவருக்கு ஒரே நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை இருக்கிறதாம். இருபத்தாறு வருடமாக ஒற்றை ஆளாக நடத்துகிறார். ஒஃபேலியாதான் நிதானமான ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார்: “மூணு மாசம் கத்திரிக்கோலைத் தொடக்கூடாதாம். ஆஸ்பத்திரிச் செலவைப் பயண இன்சூரன்ஸ் குடுத்துடும். மூடின கடைக்கு யாரு குடுப்பா?” அதற்காகத்தான் அவர் முன்பதிவு செய்த இணையதளத்தில் கேட்டிருக்கிறார். இணையதளம் அதை நம் காப்பீட்டுக்குத் தள்ளியிருக்கிறது. இணையதளம், காப்பீடு இரண்டுமே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வழுக்கும் என்று விருந்தாளிக்குச் சொல்லப்பட்டதா?

லூர்தெஸ் அம்மாள் யார்மேலும் கோபமாக இல்லை. இடது கையை நீட்டி என் நெற்றியில் விழுந்த முடியைத் தூக்கிப் பார்த்து ஏதோ சொன்னார். ஒஃபேலியா சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதை யார் வெட்டினது, கோடாலியான்னு கேக்கறா.” எங்க பெரியம்மா என்றேன். “என் கை சரியாகட்டும், உன் கண்ணை ஊருக்குக் காட்டறேங்கறா.” அதன்பிறகு லூர்தெஸ் அம்மாள் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். “தப்பு என்னோடதுதான். செருப்போட போயிட்டேன். நீ குடுத்த காலுறை அவ்வளவு அழகா இருந்துச்சா, ஊருக்குக் கொண்டு போகணும்னு எடுத்து வெச்சேன். அவசரத்துல அதையும் அங்கேயே விட்டுட்டேன். முடிஞ்சா தபால்ல அனுப்பறியா?”

அந்தக் காலுறை எதற்கென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது, அம்மா. அவர்கள் வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டார்கள். நான் ஒரே ஒரு வரி பொய் சொன்னால், அது பொய் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியவராது.

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். சாவி கொடுத்துவிட்டு வந்தேன் என்று மட்டும் எழுதினேன். அதற்கு முன்னால், ஒஃபேலியா வண்டியிலிருந்து பெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, லூர்தெஸ் அம்மாள் காலுறைகளைப் பார்த்தார். ஒரு ஜோடியை எடுத்து, மறு கையைத் தன் நெஞ்சில் வைத்து, எனக்கா என்று கேட்பது போல என்னைப் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த வாக்கியத்தை அப்போது சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன். அவர் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஆகவே, நான் சொல்லாமல் இருந்ததோடு இது முடியவில்லை. அது பரிசு என்று நானேதான் அவரை நினைக்க வைத்தேன்.

திங்கட்கிழமையே பெரியம்மா நாடாவை அவிழ்த்துப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டார். காலுறைகளை வெந்நீரில் முக்கி எடுத்து அடுப்புக்கு மேல் காயப்போட்டார். “வர்றவங்க பாக்கட்டும். போட்டு நனைஞ்ச காலுறைன்னு அதுவே பேசும். உன்ன மாதிரி ஊமை இல்ல” என்றார். வெந்நீர் பட்டு அவை சுருங்கிக் குழந்தைக் காலுறை மாதிரி ஆகிவிட்டன. பார்க்கச் சிரிப்பாக இருந்தது. சிரிக்கவில்லை.

பாலிசிப் புத்தகத்தையும் படித்தேன். இருபத்திரண்டு பக்கம். நான் பள்ளியை விட்டபோது நீ சொன்னாய்: உனக்கு அறிவு இல்லாம இல்ல, வாய்தான் இல்ல என்று. புத்தகம் படிக்க வாய் வேண்டாம். மூன்று நாள் ஆயிற்று. சில வாக்கியங்கள் நம் மொழியில் இருந்தாலும் நம் மொழி மாதிரி இல்லை. விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாதாரண வீட்டுக் காப்பீடு மட்டும் இருந்திருந்தால் காசு கொடுத்துத் தங்குபவர்களுக்கு அது பொருந்தாது. வாடகைக்கு விடுவதற்கென்று நீ தனியாகச் சேர்த்த பகுதிதான் இப்போது நம்மிடம் இருக்கும் ஒரே பிடி. வீண் செலவு என்று பெரியம்மா சொன்னதைக் கேட்காமல் நீ சேர்த்தாயே, அதற்கு நன்றி. அந்தப் பகுதியில் ஆறாவது பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: காப்பீடு செய்தவர் சட்டப்படி பொறுப்பாகும் இழப்புக்கு மட்டுமே நிறுவனம் பணம் தரும். கவனக்குறைவால் நேர்ந்ததும் இதில் அடங்கும். அவர் பொறுப்பில்லை என்றால் எதுவும் தராது.

இதை நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம், அம்மா. நம் தவறு என்றால் தரமாட்டார்கள் என்று பயந்தோம். நம் தவறு என்றால்தான் தருவார்கள். நான் சொன்னேன் என்று சொன்னால், சரி, உங்கள்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். லூர்தெஸ் அம்மாளுக்கு ஒன்றும் கிடைக்காது. பதினேழாவது பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தெரிந்தே பொய்யான தகவல் கொடுத்தால் நிறுவனம் மறுத்துவிடலாம். நீ பயப்படுவது அப்போதுதான் நடக்கும்.

நான் சரியாகத்தான் படித்தேனா என்று தெரியவில்லை. தப்பாகப் படித்திருந்தால் வீடு போய்விடும், உன் வருகையும் போய்விடும். நீ சொல்லச் சொன்ன பொய் எனக்காகத்தான் என்பதும் தெரியும். காப்பீட்டுக்காரர்களின் கோப்பில் என் பெயரை எழுதிவிடுவார்களே என்றுதானே நீ பயந்தாய்.

வியாழக்கிழமை நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நினைப்பது வேறு, வாயைத் திறப்பது வேறு. நீ இங்கே இருந்திருந்தால் உன் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். கோபப்படாமல் இதை இரண்டு தடவை படி. முதல் தடவை கோபம் வரும்.

உன் மகள்,
வில்யா



லெப்பிலாத்தி
சனி, மார்ச் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

என் முதல் கடிதம் இன்னும் உனக்கு வந்திருக்காது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் அதை முதலில் படி. நேற்று போனில் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று என்று மட்டும் பெரியம்மா உன்னிடம் சொன்னார். என்ன போயிற்று என்று சொல்லவில்லை. அதை நீயே சொல்லு என்று என்னிடம் விட்டுவிட்டார்.

வந்தவர் பெயர் தைனா. ஐம்பது வயதிருக்கும். சளி பிடித்திருந்தது. நாம் பெரிய விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கும் கோப்பைகளைப் பெரியம்மா எடுத்து வைத்து, பன், பிஸ்கட், கேக் எல்லாவற்றையும் பரப்பியிருந்தார். தைனா அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெச்சா சந்தேகம் வரும். ஒரு பன்னு சாப்பிடறேன், ஒரு பன்னு லஞ்சத்துல சேராது” என்றார். பெரியம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு சவுனாவுக்குப் போனோம். முன்னறையைப் படம் எடுத்தார். சுருங்கிய காலுறைகளைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. துளைவரை அளக்க வேண்டும் என்று கதவைத் திறந்தார். திறந்துகொண்டே, பெரியம்மாவிடம் ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே, கைப்பையிலிருந்து ஒரு ஜோடிப் பெரிய கம்பளிக் காலுறையை எடுத்துப் பூட்ஸுக்கு மேலேயே இழுத்து மாட்டிக்கொண்டார். பேச்சு நிற்கவே இல்லை. நான் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளந்துவிட்டுத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். “பனிக்கட்டி வழுக்கும், காலுறை போட்டுக்கிட்டுப் போங்கன்னு விருந்தாளிங்ககிட்ட சொல்லியிருந்தீங்களா?” என்று கேட்டார். பெரியம்மா உடனே, “சொன்னாளே. என் காதால கேட்டேன்” என்றார். “நீங்க அப்ப எங்க இருந்தீங்க?” “வீட்டுல.” “வீடு மேட்டுமேல இருக்கு. நல்ல காதுங்க உங்களுக்கு” என்றார் தைனா அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, “சாவி குடுத்தது நீதானேம்மா? நீ சொல்லு” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பள்ளியில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எப்படியிருக்குமோ அப்படியேதான் இருந்தது. எல்லா வார்த்தையும் உள்ளே இருந்தது. “பாத்தீங்களா, கூச்சம். நான்தான் சொல்றேனே” என்றார் பெரியம்மா. தைனா அம்மாள் பேனாவைப் படிவத்தில் வைத்துவிட்டார். எழுதப் போகிறார் என்று தெரிந்தது.

நான் வெளியே ஓடினேன். நான் அழப்போகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நேராக வீட்டுக்குப் போய்ப் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நாடாவை எடுத்தேன். என் அலமாரியிலிருந்து புதுக் காலுறை ஒரு ஜோடி எடுத்தேன். திரும்பி வந்து, அவர்கள் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, பெரியம்மா கட்டியது போலவே பூ முடிச்சுப் போட்டேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்து போனது. பிறகு எழுந்து, அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையை நெஞ்சில் வைத்து, லூர்தெஸ் அம்மாள் பார்த்தது போல அவரைப் பார்த்தேன். பிறகு நானே தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. “அவங்க இப்படிக் கேட்டாங்க. நான் இப்படிச் செஞ்சேன். சொல்லல” என்றேன்.

“அடிப்பாவி” என்றார் பெரியம்மா.

தைனா அம்மாள் எழுதவில்லை, யோசித்தார். “ஆனா காலுறை கண்ணுக்கு முன்னாலதானே இருந்துச்சு” என்றார். நான் அவர் காலைக் காட்டினேன். “நீங்க இதை இப்ப ஏன் போட்டீங்க?” என்று கேட்டேன். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். போட்டுக்கொண்டதே அப்போதுதான் தெரிந்தது போலப் பார்த்தார். “பனிக்கட்டில நடக்கறப்போ...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். “அவங்களுக்கு அது தெரியாது” என்றேன்.

அப்புறம் பெரியம்மா தொண்டையைக் கனைத்தார். “எழுதறதுன்னா இதையும் எழுதிக்கோங்க. நாடா கட்டினது நான். அந்தக் காலுறையை வெந்நீர்ல முக்கினதும் நான்தான். பொண்ணுக்கு அதுல சம்பந்தம் இல்ல” என்றார். அவர் முகம் சிவந்து போயிருந்தது. “வெந்நீர்ல போட்டா சுருங்கும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்று கேட்டார் தைனா அம்மாள்.

எழுதி முடித்ததும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் சொல்ல மறந்துவிட்டதாக எழுதியிருந்தார். மறக்கவில்லை, கையில்கூட எழுதி வைத்திருந்தேன், வாய் வரவில்லை என்றேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, “அதுக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்லம்மா. கவனக்குறைவுன்னு போட்டுக்கறேன்” என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் இப்போது அந்தக் கோப்பில் இருக்கிறது, அம்மா. நான் நினைத்ததுபோல் அது பயமாக இல்லை.

லூர்தெஸ் அம்மாளின் கடைக்குப் பணம் கிடைக்குமா என்று கேட்டேன். “நான் சொல்றது முடிவு இல்ல. முடிவு தபால்ல வரும். ஆனா நீ வாயைத் திறக்கலேன்னா அந்தக் கேள்விக்கே இடம் இல்ல. கோப்பை மூடிட்டுப் போயிருப்பேன்” என்றார். வீட்டுக்கு என்ன ஆகும் என்றும் கேட்டேன். “வீடு எங்க போகும்? இந்த மாதிரி நேரத்துக்குத்தானே உங்கம்மா பணம் கட்டியிருக்காங்க. பாலிசிப்படி முதல்ல ஒரு தொகை உங்க பங்கு, அது உங்க கையிலேர்ந்து போகும். அடுத்த வருஷம் பிரீமியம் கொஞ்சம் ஏறும். காலுறை விஷயத்தை எழுதிச் சுவத்துல ஒட்டுங்க” என்றார். போகும்போது இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டார்.

ஆறாவது பக்கத்தை நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

லூர்தெஸ் அம்மாளுக்குக் காலுறை அனுப்பலாமா, அது விதிக்கு விரோதமா என்றும் கேட்டுவிட்டேன். அனுப்பு, காலுறைல என்ன இருக்கு என்றார். புதிதாகப் பின்ன ஆரம்பித்திருக்கிறேன். எதற்கு என்று ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும். முடிவு தபாலில் வந்த பிறகு அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பங்குத் தொகையும் ஏறப்போகும் பிரீமியமும் சேர்ந்தால் நீ இன்னொரு குளிர்காலம் அங்கேயே இருக்கவேண்டி வருமோ என்னவோ. அப்படியானால் அதைச் செய்தது நான். வியாழக்கிழமை ஓடிப்போய் நாடாவை எடுத்தபோது எனக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். பெரியம்மா என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் இன்று காலை என் தட்டில் வெண்ணெயை வழக்கத்தைவிட அதிகமாக வைத்தார்.

உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். ஈஸ்டருக்கு மட்டும் வந்துவிட்டுப் போ. பனிக்கட்டி அதுவரை தாங்கும் என்று தோன்றுகிறது. தாங்காவிட்டாலும் வா. வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கிவர வேண்டாம். உன் முழங்கால் நன்றாக இருக்கட்டும். உன்னை வேலை வாங்குகிறவர்களும் நன்றாக இருக்கட்டும்.

உன் மகள்,
வில்யா

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்றைய விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி. சுவரில் சீட்டு ஒட்டியிருக்கிறேன், அவர்கள் அதைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார்கள். உள்ளங்கையில் வாக்கியம் எழுதியிருந்தேன், கையுறையும் போடவில்லை. அப்படியும் வாய் வரவில்லை. அதனால் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, கால்களை வாளித் தண்ணீரில் நனைத்து, அவர்கள் பார்க்கப் பார்க்க ஒரு ஜோடிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, துளைவரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். பிறகு மற்ற இரண்டு ஜோடியை அவர்களிடம் நீட்டினேன்.